தூய்மைப் படகு

உக்காருங்க சார். இந்தச் சிமெண்டுக் கட்டையில நிழலு இருக்கு, இங்க வாங்க. நீர் ஏறலை இன்னும். இப்பப் போட்டை எடுத்தா அடி தட்டும். முக்கால் மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். கடலு நம்ம சொன்ன நேரத்துக்கா ஏறும். உங்க கூட்டாளிக டீக்கடையில இருக்கட்டும். அங்க மீனு வறுத்துத் தருவாக, சாப்பிடட்டும்.

அந்தப் பையை வெயில்ல வைக்காதீக, சூடாயிரும். உள்ள என்னன்னு நான் கேக்கலை. இறக்கி வச்சப்ப ஒரு சத்தம் வந்துச்சுல்ல, அது பன்னெண்டு வருசமா நான் கேட்ட சத்தம். எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். சும்மா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீக.

போட்டு நல்லாருக்குமான்னு கேட்டீக. போயி ஏறிப் பாருங்க. சீட்டுக்கு அடியில கைய விட்டுத் தடவுங்க. ஒரு மிட்டாய்த் தாளு கிடைச்சா நீங்க காசே குடுக்க வேணாம். தரையில பதிச்சிருக்க கண்ணாடி இருக்கே, அது வழியாத்தான் கீழ இருக்க பவளத்தையெல்லாம் பாப்பீக, அதைத் தெனம் காலையில சோப்புத் தண்ணி ஊத்தி பழைய வேட்டித் துணியால தொடைப்பேன். எங்க போட்டுச் சங்கத்துல வருசா வருசம் ஒரு ஷீல்டு குடுப்பாக. 'தூய்மைப் படகு'ன்னு எழுதியிருக்கும். ரெண்டு வருசம் தொடர்ந்து எனக்குத்தான் குடுத்தாக. இந்தச் சங்குமுனைக் கரையில முப்பது பேரு போட்டு ஓட்டுறான். இந்த நம்புவேல் போட்டு மாதிரி சுத்தமா வேற எவன் போட்டு இருக்குன்னு யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க.

அந்த ஷீல்டு என் வீட்டுல இல்லை சார். எங்கக்கா வீட்டுல மாட்டியிருக்கு. அதுதான் சங்கடம்.

அக்கா பேரு இருளாயி. என்னை விட ஆறு வயசு மூப்பு. அம்மா போனப்ப எனக்குப் பதினொண்ணு. அதுக்குப் பெறகு எனக்குச் சோறு போட்டது பாசிதான். கடல்பாசி. பாரு மேல வளரும். பாருன்னா கடலுக்கு அடியில இருக்க பாறை, செத்த பவளம் கல்லாகி நிக்கிறது. அந்தப் பாசியை வாங்கிட்டுப் போயி ஐஸ்கிரீம்ல போடுறாகளாம், மருந்துல போடுறாகளாம், நமக்கென்ன தெரியும். பொம்பளைகதான் எடுப்பாக. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கால்ல ரப்பரை மாட்டிக்கிட்டு, இடுப்புல வலைப்பையையும் ஒரு சின்னக் கத்தியையும் கட்டிக்கிட்டு மூச்சைப் பிடிச்சு முங்கணும். எங்கக்கா முங்குச்சுன்னா, கரையில இருக்கவன் ஒரு பீடியைப் பத்த வச்சுப் பாதி இழுத்திருப்பான், அப்பத்தான் தலை தெரியும். அம்புட்டு மூச்சு. இந்தக் கரையில அதுக்கு நிகரா முங்குற பொம்பளை கிடையாது. ஆம்பளையும் கிடையாது, நான் உள்பட.

அந்தப் பாசிப் பைக்கு வாய் கட்டுற முடிச்சு ஒண்ணு இருக்கு. தண்ணிக்குள்ள அவுறக் கூடாது, கரைக்கு வந்தா ஒரே இழுப்புல அவுறணும். ஊர்ல எல்லாரும் வலப்பக்கமாச் சுத்துவாக. எங்கம்மா இடதுகைக்காரி. அதுனால எங்க வீட்டுல இடப்பக்கமா ரெண்டு சுத்து சுத்தி, வாலை மடிச்சு உள்ள விடுவோம். அம்மா அக்காவுக்குக் காட்டுச்சு, அக்கா எனக்குக் காட்டுச்சு. இந்தக் கரையில அந்த முடிச்சுப் போடுறவுக ரெண்டே பேருதான். இதை மனசுல வச்சுக்கங்க சார், பின்னாடி வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். பாசி எடுக்குற பொம்பளைக தெனமும் கடலுக்குப் போக மாட்டாக. அமாவாசையை ஒட்டி ஆறு நாளு, பௌர்ணமியை ஒட்டி ஆறு நாளு. மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதான். கோடையில ஒன்றரை மாசம் கையே வைக்க மாட்டாக. ஆபீசரு போட்ட சட்டமில்லை, அவுகளே கூடிப் பேசிப் போட்டுக்கிட்டது. பாசி வளரணும், மீனு முட்டை வைக்கணும், கடலு கொஞ்சம் மூச்சு விடணும்னு சொல்லுவாக. அந்த ஒன்றரை மாசம் வீட்டுல கஞ்சிதான். ஆனாலும் ஒருத்தியும் மீற மாட்டா.

அவுக கடலுக்கு லீவு விட்ட நாள்லதான் சார் எங்களுக்கு நல்ல ஓட்டம். பள்ளிக்கூடம் லீவு, கோடை, கோயிலுக்கு வந்த கூட்டம் மொத்தமும் இங்குட்டு வரும்.

மொதல்ல வந்தவுக தன்மையாத்தான் வந்தாக. கண்ணாடி வழியாக் குனிஞ்சு பாத்துட்டு, அது என்ன மீனு, இது என்ன மீனுன்னு கேட்டுட்டுப் போவாக. ஒரு வாத்தியாரு வந்தாரு, பவளம் உசுரு உள்ளதுன்னு எனக்கே அவருதான் சொன்னாரு. எனக்கு அதுவரைக்கும் அது கல்லுதான். பெறகு எவனோ ஒருத்தன் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் பிடிச்சுப் போட்டான். அம்புட்டுத்தான். சனி ஞாயிறுன்னா கார் நிறுத்த எடமில்லை. தண்ணியில எறங்கலாமான்னு கேப்பாக. கூடாது சார்னு சொல்லுவேன். ஒரே நிமிசம்ணேம்பாக. சரிம்பேன். எறங்கி எது மேல நிப்பாக? பவளத்து மேலதான். அது முறுக்கு நொறுங்குற மாதிரி நொறுங்கும் சார், காலுக்கடியில. மேல நிக்கிற எனக்கே தெரியும். ஒரு துண்டை ஒடிச்சு ஞாபகத்துக்குன்னு கைக்குட்டையில சுத்திக்குவாக. நான் வேணாம்னா பக்கத்துப் போட்டுக்காரன் சரிம்பான், நாளைக்கு அவன் போட்டுலதான் ஏறுவாக. என்னைய என்ன பண்ணச் சொல்றீக.

இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாயம் வச்சிருந்தேன். இப்பவும் வாயத் தொறந்தா மொதல்ல அதுதான் வருது, பாருங்க.

போத்தலுக்கு வர்றேன். கடலுக்குப் போகும்போது யாரு பையையும் எங்க சங்கத்துல தொறந்து பாக்க மாட்டாக. குடும்பத்தோட வர்றவுக பையைத் தொறந்தா கோவிச்சுக்குவாகல்ல. திரும்பி வரும்போது மட்டும் பாப்பாக. சூசைன்னு ஒரு வாச்சரு, சங்கத்து ஆளு, கொம்பு வச்சுக்கிட்டு நிப்பாரு. போட்டு கரையைத் தொட்டதும் கொம்பாலயே சீட்டுக்கு அடியில கிண்டிப் பாப்பாரு. ஒரு பீர் போத்தலு இருந்தாப் போச்சு, ஒரு வாரம் போட்டைக் கட்டிப் போடணும். நான் ஒருவாட்டி மாட்டுனேன். சித்திரை மாசம், நல்ல ஓட்டம், என் போட்டு மட்டும் ஒரு வாரம் கரையில கெடக்கு. மத்தவன் எல்லாம் என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போறான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இனி என் போட்டு சுத்தமாத்தான் கரைக்கு வரும்னு.

சுத்தமாத்தான் வந்துச்சு.

சும்மா கடல்ல வீசுறவன் முட்டாப்பய சார். பாதி காலியான போத்தலு மிதக்கும். நீவாடு, அதான் கடல் ஓட்டம், அதைத் தள்ளிக்கொண்டுவந்து நேரா ஊருக்கு முன்னாடி ஒதுக்கிரும். எவன் போட்டு எந்நேரம் எங்க நின்னுச்சுன்னு ஊருக்கே தெரியும். நான் கடல்ல பெறந்து வளந்தவன், எனக்கா தெரியாது. வெங்காயம் வருமுல்ல, சிவப்பு வலைப்பை, அதைக் கடையில வாங்கி வச்சுக்குவேன். கரைக்குத் திரும்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அதுக்குள்ள போடுங்க சார்னு நீட்டுவேன். பாராட்டுவாக சார். ஒரு அம்மா, டாக்டரோ என்னவோ, எவ்வளவு பொறுப்பா இருக்கீங்கன்னு சொல்லுச்சு. அவுக கொஞ்சம் அங்குட்டுத் திரும்புனதும் ஒரு கல்லைச் சேத்து, வாயை நீல நைலான் கயித்தால கட்டி உரல்குழியில விட்ருவேன்.

உரல்குழின்னா பாருக்கு நடுவுல உரலு மாதிரி ஒரு பள்ளம். நாலு பக்கமும் பாரு சுவரு மாதிரி நிக்கும். நீவாடு உள்ள போகாது. அங்க போட்டது போட்ட எடத்துல இருக்கும், வருசக்கணக்கா இருக்கும். பாசிப் பொம்பளைக அந்தப் பக்கம் வர்றதில்லை, அவுக எடம் கிழக்குப் பாரு. அதுனால யாருக்கும் கெடுதல் இல்லைன்னு நெனைச்சேன். மெய்யாலுமே நெனைச்சேன் சார். கடலு எம்புட்டுப் பெருசு, ஒரு பள்ளத்துல ரெண்டு போத்தலு கெடந்தா என்னன்னு.

ரெண்டு இல்லை. ஒரு நடைக்கு ஒரு பை. எத்தனை நடைன்னு நான் எண்ணலை, எண்ணவும் வேணாம்.

கையி தானா முடிச்சுப் போடும் சார். ஏழு வயசுல இருந்து போட்ட கை. இடப்பக்கமா ரெண்டு சுத்து, வாலை மடிச்சு உள்ள. வேற மாதிரி முடிச்சுப் போடணும்னு எனக்கு ஒருநாளும் தோணலை.

ஷீல்டு குடுத்தப்ப அக்கா வந்திருந்துச்சு. கை தட்டுச்சு. அதை வாங்கித் துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டுபோயி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டி, பூ வச்சுச்சு. வர்றவுக போறவுககிட்ட எல்லாம், என் தம்பி போட்டுல ஒரு தூசு பாக்க முடியாதுன்னு சொல்லும். நான் அங்கேயே உக்காந்து டீ குடிப்பேன்.

டீ சொல்லவா சார்? வேணாமா. சரி.

கிழக்குப் பாரு என்னாச்சுன்னு கேளுங்க. அதையும் நான்தான் பண்ணுனேன். பாசி எடுக்குறதைப் பாக்கலாமான்னு ஒரு கூட்டம் கேட்டாக. எளவட்டப் பயலுக, நல்லாத்தான் பேசுனாக. நான் போட்டைக் கொண்டுபோயி கிழக்குப் பாருக்குப் பக்கத்துல நிறுத்தி, அந்தா பாருங்க சார், அந்த மஞ்சச் சட்டைதான் எங்கக்கா, இப்ப முங்கும், நீங்க மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருங்கன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். சர்க்கஸ் காட்டுற மாதிரி. அவுகளும் எண்ணுனாக, கை தட்டுனாக. ஒருத்தன் செல்போன்ல எடுத்தான். அக்கா மேல வந்து மூச்சு வாங்குறது, நனைஞ்ச சட்டை உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கிறது, எல்லாம் எடுத்தான். எடுத்ததைப் போட்டுட்டான். அதுக்குக் கீழ எழுதியிருந்ததை நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் புள்ளை அக்காகிட்டக் காட்டிருச்சு.

அதுக்குப் பெறகு எல்லாப் போட்டும் அங்க போக ஆரம்பிச்சுச்சு. எங்க அந்தப் பாசிப் பொம்பளைகன்னு கேட்டு வர்றாக. பொம்பளைக முங்கி எந்திரிச்சா மூணு பக்கமும் போட்டு, எல்லாக் கையிலயும் போனு. நங்கூரத்தைப் பாரு மேலயே போடுறது, கலங்கல் தண்ணி, ஒண்ணும் தெரியாது. முகத்தை மூடிக்கிட்டு வேலை பாத்தாக கொஞ்ச நாளு. முங்குறவ எப்படி முகத்தை மூடுவா.

ஒரு சாயந்தரம் நான் அக்கா வீட்டுல உக்காந்திருக்கேன். அக்கா மீன் கழுவிக்கிட்டே சொல்லுது, "தம்பி, கிழக்குப் பாரு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். மானம் போகுது. நாளையில இருந்து உரல்குழிப் பக்கம் போறோம். அங்குட்டு ஒரு போட்டும் வராதுல்ல."

சார், கேளுங்க. இதுதான் எடம். இந்த எடத்துலதான் நான் சொல்லியிருக்கணும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்க வேணாங்கா, நீவாடு இழுக்கும்"னேன்.

அக்கா சிரிச்சுச்சு. "உரல்குழியில நீவாடா? யாருகிட்டடா சொல்ற? உனக்கு நீச்சல் பழக்குனதே அதுலதானே"ன்னுச்சு.

நான் டீயைக் குடிச்சேன். டம்ளரைக் கழுவி வச்சேன். போயிட்டு வர்றேங்கான்னேன். சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? திட்டியிருக்கும். வெளக்கமாத்தை எடுத்திருக்கும். ஷீல்டைக் கழட்டித் தூர எறிஞ்சிருக்கும். அம்புட்டுத்தானே. அந்த அம்புட்டுக்குப் பயந்துட்டேன். குழி ஆழமானது, பை எல்லாம் அடியில கெடக்கு, மண்ணு மூடியிருக்கும், பொம்பளைக சுத்திச் சுவரு ஓரமாத்தான் எடுப்பாகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போயித் தூங்கிட்டேன். நல்லாத் தூங்குனேன் சார், அதையும் சொல்லிடுறேன்.

மறுநாளு எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு நடை. கோயம்புத்தூர்க்காரவுக, குடும்பம், பதினோரு பேரு. உரல்குழிக்கு இருநூறு முந்நூறு அடி தள்ளி நிக்கிறேன். அங்குட்டு துடுப்புப் போடுற சின்ன வத்தை ஒண்ணு நிக்கிது, பொம்பளைக வந்த வத்தை. அதுல ரெண்டு பொம்பளைக எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் ஆட்டுறாக. காத்து எதுத்தாப்புல, சத்தம் கேக்கலை. எங்க போட்டுல இருந்த சின்னப் புள்ளைக, ஏ அங்க பாரு நமக்கு டாட்டா காட்டுறாங்கன்னு திருப்பிக் கையை ஆட்டுச்சுக. பெரியவுகளும் ஆட்டுனாக. நானும் கையத் தூக்குனேன் சார். நானும் ஆட்டுனேன். அவுக இன்னும் வேகமா ஆட்டுறாக, நாங்களும் ஆட்டுறோம். அதுக்குப் பெறகுதான் வத்தை ஓரத்துல தண்ணி நிறம் மாறியிருக்கது கண்ணுல பட்டுச்சு.

போனேன். என் போட்டுலதான் எஞ்சின் இருக்கு, இதுலதான் அக்காவை ஏத்துனோம். வலது உள்ளங்கை குறுக்க கிழிஞ்சு தொங்குது. போத்தலு, கழுத்து ஒடைஞ்சது. பாசி எங்கதான் வளராது சார். அந்த வலைப்பை மேல, போத்தலு மேல எல்லாம் கொத்துக் கொத்தா வளந்திருக்கு. இவ்வளவு நல்ல பாசியான்னு எங்கக்கா ஆசையா ஒரு கொத்தைச் சேத்துப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்திருக்கு. விரல்ல சுத்துன துணி பாறைக்குத் தாங்கும், கண்ணாடிக்குத் தாங்குமா.

அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். சுடிதாரு போட்ட ஒரு பொண்ணு சட்டுன்னு தன் துப்பட்டாவை எடுத்து மணிக்கட்டுல இறுக்கிக் கட்டி, கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கரை வரைக்கும் வந்துச்சு. அவுக கூட வந்த ஒரு ஆளு போன்ல எடுத்தாரு, இந்தப் பொண்ணு போட்ட அதட்டுல கீழ வச்சுட்டாரு. அக்கா கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்துச்சு. என்னையவே பாத்துக்கிட்டு வந்துச்சு. நான் எஞ்சினைப் பாத்துக்கிட்டு வந்தேன். தரைக் கண்ணாடி முழுக்க ரத்தம், அது வழியா கீழ ஒண்ணுமே தெரியலை.

கரையில சூசை கொம்போட நின்னாரு. ரத்தத்தைப் பாத்ததும் கொம்பைப் போட்டுட்டு ஓடிவந்து ஒரு பக்கம் பிடிச்சாரு. அன்னைக்குச் சாயந்தரம் நான் போட்டைக் கழுவுனேன். மூணு தரம் கழுவுனேன்.

டவுன் ஆஸ்பத்திரியில தைச்சாக. உள்ள நரம்பு அறுந்துபோச்சு, மூணு விரலு இனி மடங்காதுன்னு டாக்டரு சொன்னாரு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேலை செய்யும். முங்கி ஒரு கையால பாறையைப் பிடிச்சு, இன்னொரு கையால பாசியைப் பறிக்கணும்ல, அது இனி ஆகாது. மூச்சு இருக்கு, கை இல்லைன்னு எங்கக்கா ஒரே ஒருவாட்டி சொல்லுச்சு.

கண்ணாடிக்குப் பயந்து பெறகு ஒருத்தியும் உரல்குழியில எறங்கலை. ஊர்க் கூட்டம் போட்டாக. ஊர்த் தலைவரு ரொம்பக் கோவத்துல இருந்தாரு. உரல்குழியில போத்தலைப் போட்டவன் எவன்னு தெரிஞ்சாகணும், எந்தப் போட்டுக்காரனா இருந்தாலும் இனிமே இந்தக் கரையில அவன் போட்டுக் கயித்தை அவுக்கக் கூடாதுன்னாரு. அக்காவைக் கேட்டாரு, "நீதான் கீழ போனவ, சொல்லு தாயி. மூட்டையாக் கட்டிப் போட்டிருக்கா? கட்டிப் போட்டிருந்தா உள்ளூர்க்காரன் வேலை."

கையில கட்டோட எங்கக்கா எந்திரிச்சு நின்னுச்சு. "மூட்டையெல்லாம் ஒண்ணும் இல்லை. ஒடைஞ்ச போத்தலு ஒண்ணு கெடந்துச்சு. எவனோ வெளியூர்க்காரன் குடிச்சுட்டு வீசியிருப்பான்"னு சொல்லிட்டு உக்காந்துருச்சு.

எனக்கு அந்த நேரம் சந்தோசமா இருந்துச்சு சார். சொல்லக் கூடாது, ஆனா இருந்துச்சு. பை மக்கிப்போயிருக்கும், கயிறு அத்துப்போயிருக்கும், தப்பிச்சேன்னு நெனைச்சேன். அக்கா விரலு மூணு போயிருக்கு, நான் தப்பிச்சேன்னு நெனைக்கிறேன். மனுசன்னா நான்தான்.

அந்தக் கூட்டத்துலயே அக்கா இன்னொண்ணும் சொல்லுச்சு. "போகும்போது பாருங்கய்யா. வரும்போது பாத்து என்ன பிரயோசனம்? வரும்போது எல்லாப் போட்டும் சுத்தம்தான்." அது யாரையும் பாத்துச் சொல்லலை. நான்தான் எந்திரிச்சு, அக்கா சொல்றது சரி, இனிமே போகும்போதே பையைப் பாக்கணும், போத்தலைக் கரையிலயே வாங்கி வச்சுட்டு வரும்போது குடுத்தனுப்பணும், அந்த வேலையை அக்காவுக்கே குடுக்கணும்னு பேசுனேன். நல்லாப் பேசுனேன். தலைவரு என் தோளைத் தட்டி, கூடப் பெறந்தவன்னா இப்படி இருக்கணும்னாரு. எல்லாரும் தலையை ஆட்டுனாக.

அதுக்கு ஒரு பத்து நாளு கழிச்சு அக்கா வீட்டுக்குப் போறேன். வேலியோரம் ஆடு கட்டியிருக்கு. நீல நைலான் கயிறு. கயித்தோட ஒரு முனை கத்தியால அறுத்தது. இன்னொரு முனையில சிவப்பு வலைத்துண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல முடிச்சு. இடப்பக்கமா ரெண்டு சுத்து, வாலு உள்ள மடிச்சிருக்கு.

நான் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஆடு தழையைத் தின்னுது. அக்கா உள்ள இருந்து வந்துச்சு. நான் பாக்குறதைப் பாத்துச்சு. "கயிறு நல்ல கயிறு, தூக்கிப்போட மனசு வரலை"ன்னுச்சு. அம்புட்டுத்தான் சொல்லுச்சு. பெறகு சாப்பிட்டியான்னு கேட்டுச்சு.

அந்த ரத்தத்துலயும், அந்த வலியிலயும் இடது கையால கயித்தை அறுத்து இடுப்புப் பைக்குள்ள சொருகிக்கிட்டுத்தான் எங்கக்கா மேல வந்திருக்கு. கூட முங்குனவுக கண்ணுல படக்கூடாதுன்னு. அதுக்கு எம்புட்டு மூச்சு வேணும் சார், சொல்லுங்க.

அன்னைக்கு அது கால்ல விழுந்திருக்கலாம். விழலை. சாப்பிட்டேன்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். சாப்பிடலை. ஒரு வருசம் ஆச்சு. சொல்லணும், சொல்லணும்னு போவேன், ஷீல்டு சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்கும், பூ வச்சிருக்கும், இன்னமும் வச்சிருக்கு சார், வாய் வராது. பொம்பளைக கடலுக்குப் போகாத நாளாப் பாத்து நான் தனியா உரல்குழியில முங்கி ஒவ்வொரு பையா எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு அக்கா மாதிரி மூச்சு கிடையாது, பாதிவாட்டி வெறுங்கையோட மேல வர்றேன். எடுத்ததை இங்க கொண்டுவர முடியாது, யாருதுன்னு கேப்பாகல்ல. ரெண்டு ஊரு தள்ளிக் கொண்டுபோயிப் பழைய சாமான் கடையில போட்டுட்டு வர்றேன். அதையும் ஒளிச்சுத்தான் பண்றேன். அப்ப நான் என்னத்தைத் திருந்துனேன், சொல்லுங்க.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு பாக்குறீகளா? நீங்க சாயந்தரம் போயிருவீக. அதுதான் காரணம். நீங்க எல்லாம் இங்க வந்து என்னென்னத்தையோ போட்டுட்டுப் போறீகல்ல, நான் இதை உங்ககிட்டப் போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீக.

நீர் ஏறிருச்சு பாருங்க. போட்டு லேசா ஆடுது. உங்க ஆளுகளைக் கூப்பிடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், தண்ணியில எறங்கக் கூடாது, ஒரே நிமிசம்ணேன்னு சொன்னாலும் கூடாது. பவளத்தைக் கண்ணாடி வழியாப் பாத்தாப் போதும். பாசிப் பொம்பளைக இருந்தா போட்டை அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன்.

அந்தா வருது பாருங்க, மஞ்சச் சட்டை. அதுதான் எங்கக்கா. உங்க பையை அதுகிட்டக் குடுத்துருங்க. உள்ள இருக்கதை ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கும், திட்டாது. எல்லாத்தையும் ஒரு வலைப்பையில போட்டு வைக்கும், நீங்க திரும்பி வந்ததும் அப்படியே குடுத்துரும். ஆனா பைக்கு வாய் கட்ட அதுக்குக் கையி வராது. ரெண்டு கையும் வேணும் அதுக்கு. இங்க எத்தனையோ பேரு நிக்கிறோம், சூசை நிக்கிறாரு, அவரைக் கூப்பிடாது. என்கிட்டத்தான் கயித்தை நீட்டும். தெனமும், ஒவ்வொரு நடைக்கும். "தம்பி, நீ கட்டுப்பா. நீ கட்டுனா அவுறாது"ம்பும். நான் கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாக்கும்.

எந்திரிங்க சார். நான் கட்டும்போது மட்டும் நீங்க அங்குட்டுத் திரும்பிக்கங்க. என் கையை அக்கா பாக்குறதே எனக்குப் போதும்.